‘நேர்ல பார்த்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?’ – கெச்சுவா கற்பவர்கள் திணறும் இடம் எது?

வணக்கம் சொல்வது, எண்கள், உறவுப் பெயர்கள்... இவற்றோடு கெச்சுவா மொழியின் முதல் கட்டம் முடிந்துவிடும். உண்மையான சோதனை அடுத்த கட்டத்தில்தான்.

இன்கா பேரரசின் ஆட்சிமொழியாக இருந்த கெச்சுவாவை இன்றும் பெரு, பொலிவியா, ஈக்வடார் உள்ளிட்ட நாடுகளில் சுமார் 80 லட்சம் பேர் பேசுகிறார்கள். தமிழ் மாதிரியே விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழி. ‘வாசி’ என்றால் வீடு, ‘வாசிகுனா’ வீடுகள், ‘வாசிகுனாபி’ வீடுகளில்.

ஒரு விகுதியில் என்ன இருக்கிறது?

பெருவின் குஸ்கோ வட்டார வழக்கில் ‘பரஷன்மி’ என்றால், மழை பெய்யுது, எனக்கே நேரடியாகத் தெரியும். ‘பரஷன்சி’ என்றால் பெய்யுதாம். ‘பரஷன்ச்சா’ என்றால் பெய்யுது போல. நம்ம ‘பெய்யுதாம்’ செய்யும் அதே வேலைதான். ஆனால், கெச்சுவாவில் இது இன்னும் கறார். காதில் விழுந்ததை ‘மி’ சேர்த்துச் சொன்னால், நீங்களே பார்த்ததாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வார். வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு ‘சி’தான் சரி! தூக்கத்திலோ கைக்குழந்தையாக இருந்தபோதோ நடந்ததைச் சொல்லக்கூட தனி இறந்தகால விகுதி உண்டு.

‘நாம்’ என்றால் யார் யார்?

‘நொகன்ச்சிஸ்’ என்றால் நாம், ‘நொகய்கு’ என்றால் நாங்கள். ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், அந்த மொழி வழியாகக் கற்பவர்கள் தடுமாறுகிறார்கள். தமிழ் பேசுபவர்களுக்கு இது ஈஸி. ஆண்டீஸ் கிராமங்களின் ‘அய்னி’ வழக்கத்திலும் இந்த ‘நாம்’ இருக்கிறது. இன்று உங்கள் வயலில் நான் உழைத்தால், நாளை என் வயலில் நீங்கள்.

தெரிந்தும் பேசாதது ஏன்?

1780-ல் இரண்டாம் துபாக் அமாரு தலைமையில் வெடித்த கிளர்ச்சியை ஒடுக்கிய ஸ்பானிய அரசு, கெச்சுவாவுக்குத் தடை போட்டது. 1975-ல்தான் பெரு அதை அலுவல் மொழியாக்கியது. ஆனாலும், கேலிக்குப் பயந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தராத பெற்றோர் ஏராளம். 2021 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் கிடோ பெயிடோ நாடாளுமன்றத்தில் கெச்சுவாவில் பேசத் தொடங்கியபோது, உறுப்பினர்கள் சிலர் கூச்சலிட்டனர்.

மறுபக்கம், 1551-ல் தொடங்கப்பட்ட சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில், 2019-ல் ரொக்சானா கிஸ்பே கொயாந்தஸ் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை கெச்சுவாவிலேயே எழுதி, அதிலேயே வாதிட்டுப் பட்டம் பெற்றார். அங்கே அது முதல்முறை.

கற்பவர்கள் என்ன செய்யலாம்?

முதலில் ஒரே ஒரு வட்டார வழக்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குஸ்கோ, அயகுச்சோ, ஈக்வடார் வழக்குகளுக்குள் வித்தியாசம் அதிகம். ஈக்வடாரில் நாம்–நாங்கள் வேறுபாடே மறைந்துவிட்டது. பிறகு, பேசுபவர்களோடு பேச வேண்டும். 2022-ல் கூகுள் ட்ரான்ஸ்லேட்டிலும் கெச்சுவா வந்துவிட்டது. ஆனால், மழையை நீங்கள் பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா என்பது அதற்கு எப்படித் தெரியும்? அந்த விகுதியை நீங்கள்தான் போட வேண்டும்.