கூடைப்பந்தாட்ட வீரனும் உழைப்புச் சுதந்திரமும்: ஒஸ்கார் றொபேட்சனின் தொழில் வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு வீரர்களின் வரலாறுகள் பெரும்பாலும் எண்களாலேயே எழுதப்படுகின்றன. பெற்ற புள்ளிகள், வென்ற கிண்ணங்கள், முறியடித்த சாதனைகள் என்பன வரிசையாக அடுக்கப்படும். சோழ மன்னரின் மெய்க்கீர்த்திகள் அவர்கள் வென்ற நாடுகளை அடுக்கிச் செல்வதைப் போன்றதே இம்முறையும். மெய்க்கீர்த்தியிலே படை நடத்திய மன்னன் தெரிவான். அப்படைக்கு நெல் விளைவித்தவனும் இறை கொடுத்தவனும் தெரியமாட்டார்கள். அதுபோலவே விளையாட்டுப் புள்ளிவிபரங்களில் வீரனின் திறன் தெரியும். அத்திறனை வாங்கியவர் யார், எந்த நிபந்தனையின் பேரில் அது விற்கப்பட்டது, அதனால் விளைந்த இலாபம் யாரைச் சென்றடைந்தது என்பன தெரியமாட்டா. இவ்வினாக்களை எழுப்பும்போதுதான் விளையாட்டும் சமூகவியல் ஆய்வுக்குரிய பொருளாகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் கூடைப்பந்தாட்ட வீரரான ஒஸ்கார் றொபேட்சனின் வாழ்வு இவ்வகையில் சிறப்பாக ஆராயத்தக்கது. 1961–62 ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரி 30.8 புள்ளிகள் பெற்றும், வளையத்திற் பட்டு மீளும் பந்தை 12.5 தடவை கைப்பற்றியும், சக ஆட்டக்காரர் புள்ளி பெறுவதற்கான பந்தை 11.4 தடவை வழங்கியும் அவர் நிலைநாட்டிய சாதனையையே இரசிகர்கள் பெரிதும் நினைவுகூர்வர். மூன்று துறைகளிலும் ஒரு பருவம் முழுவதற்குமான சராசரி பத்துக்கு மேற்பட்ட இச்சாதனையை, 2016–17 இல் றஸல் வெஸ்ற்புறூக் நிகழ்த்தும்வரை வேறெவரும் எட்டவில்லை. ஆயினும் றொபேட்சன் பிற்காலத் தலைமுறைகளுக்கு விட்டுச்சென்ற பெரும் பேறு ஆடுகளத்தில் அன்றி நீதிமன்றத்திலேயே பெறப்பட்டது என்பதும், அவரது ஆட்ட வாழ்வையே அவ்வழக்கின் ஒளியில் வைத்துத்தான் முழுமையாக விளங்கிக்கொள்ளலாம் என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1

கூடைப்பந்தாட்டம் தொழிலாக உருப்பெற்ற முறையை முதலிற் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1891 டிசெம்பரில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், குளிர்காலத்தில் மாணவர்க்கு உள்ளரங்கப் பயிற்சி அளிக்கும் பொருட்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்விளையாட்டை உருவாக்கினார். அரைநூற்றாண்டின் பின், 1946 இல், அது பெருநகர அரங்கங்களின் உரிமையாளர் கைக்குச் சென்றது. பனிக்கட்டி ஹொக்கி ஆட்டங்கள் நடைபெறாத இரவுகளில் அரங்குகள் வெறுமையாகக் கிடப்பது அவர்களுக்கு நட்டமாயிருந்தது. அவ்விரவுகளை நிரப்பும் நோக்குடன் அவர்கள் அமைத்த கூட்டே, 1949 இல் இன்னொரு கூட்டுடன் இணைந்து, என்.பி.ஏ. என வழங்கப்படும் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கமாயிற்று. எனவே இத்தொழிலின் தோற்றமே நிலையான மூலதனத்தின் தேவையோடு பிணைந்தது எனலாம். இங்கு ஆட்டக்காரன் விற்பது தனது உடலாற்றலையும் ஆட்டத் திறனையுமே. நுழைவுச்சீட்டும் பின்னாளில் தொலைக்காட்சி உரிமையும் அரங்க உரிமையாளர்க்கும் அணி உரிமையாளர்க்கும் உரியன. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இச்சங்கத்தின் வாயில் 1950 இலேயே திறந்தது.

2

றொபேட்சன் 1938 நவம்பர் 24 ஆம் திகதி ரெனஸி மாநிலத்தில் பிறந்தார். அவரது குடும்பம், தென்மாநிலக் கறுப்பின மக்கள் பலரைப் போலவே, தொழில் தேடி வடக்கு நோக்கிப் பெயர்ந்து இந்தியானாபொலிஸ் நகரிற் குடியேறியது. பந்து வாங்க வசதியற்ற நிலையில், கந்தைத் துணியைச் சுற்றிக் கட்டியதையும் பழைய ரெனிஸ் பந்தையும் பழக்கூடை ஒன்றினுள் எறிந்தே அவர் ஆட்டம் பயின்றார்.

அவர் கற்ற கிறிஸ்பஸ் அற்றக்ஸ் உயர்நிலைப் பாடசாலை 1927 இல் திறக்கப்பட்டது. கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவாத இயக்கம் இந்தியானாவில் வலுப்பெற்றிருந்த அக்காலத்தில், கறுப்பின மாணவரை ஏனைய பாடசாலைகளிலிருந்து பிரித்து வைப்பதற்கெனவே அது அமைக்கப்பட்டது. 1942 வரை மாநிலப் பாடசாலைகளுக்கான விளையாட்டுச் சங்கத்தில் இத்தகைய பாடசாலைகளுக்கு இடமிருக்கவில்லை. ஆயினும் ஒதுக்குதலின் பொருட்டு எழுந்த நிறுவனமே அச்சமூகத்தின் ஆற்றலை ஒருங்குதிரட்டும் களமுமாயிற்று. றே குறோ என்னும் பயிற்றுநரின் கீழ் றொபேட்சனும் தோழர்களும் 1955 இல் மாநில வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றினர். இனபேதமின்றி எல்லாப் பாடசாலைகளும் பங்குகொள்ளும் மாநிலப் போட்டியொன்றில், முற்றுமுழுதாகக் கறுப்பின மாணவரைக் கொண்ட பாடசாலை ஒன்று வெற்றி பெற்றது அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதற்றடவை. அடுத்த ஆண்டு ஒரு தோல்வியுமின்றி அவர்கள் மீண்டும் வென்றனர்.

எனினும் 1955 இன் வெற்றி ஊர்வலம் நகர மையத்தைச் சுற்றி விரைந்து நடத்தப்பட்டு, கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலுள்ள பூங்காவுக்கே திருப்பிவிடப்பட்டது. ஏனைய பாடசாலைகளின் வெற்றியை நகரம் தன் நடுவிடத்தில் வைத்துக் கொண்டாடுவதே வழமையாயிருந்தது. நகரத்தின் பெயரை உயர்த்திய மாணவர்கள் நகரத்தின் நடுவே நின்று மகிழ அனுமதிக்கப்படவில்லை. உழைப்பின் பயனை ஏற்றுக்கொண்டு உழைத்தவனை ஒதுக்கும் இம்முறையை றொபேட்சன் தமது பதினாறாவது வயதிலேயே கண்டுகொண்டார்.

3

சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடிய மூன்று பருவங்களில் ஆட்டமொன்றுக்கான சராசரி 33.8 புள்ளிகளாகும். மூன்று பருவங்களிலும் நாட்டின் அதிகூடிய புள்ளி பெற்ற பல்கலைக்கழக ஆட்டக்காரர் அவரே. இக்காலத்தில் அணி ஹூஸ்ரன் நகருக்குச் சென்றபோது விடுதி அவருக்கு இடமளிக்கவில்லை. சக ஆட்டக்காரரைப் பிரிந்து கறுப்பின மாணவர்க்கான பல்கலைக்கழகமொன்றிலே தங்க நேர்ந்தது. 1960 இல் றோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற ஐக்கிய அமெரிக்க அணிக்கு ஜெறி வெஸ்ற்றுடன் அவர் இணைத் தலைவராக இருந்தார்.

அதே ஆண்டு அவர் தொழின்முறை ஆட்டக்காரரானார். இங்குதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய பொருளாதார உறவு வெளிப்படுகின்றது. சின்சினாட்டி றோயல்ஸ் அணியை அவர் தெரிவு செய்யவில்லை. அணியே அவரை எடுத்துக்கொண்டது. தன் வட்டாரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆடிப் புகழ்பெற்ற ஒருவரை ஏனைய அணிகளுக்கு முன்னதாகத் தனதாக்கிக்கொள்ள ஒவ்வோர் அணிக்கும் அக்காலத்தில் உரிமை இருந்தது. மாணவனாக ஊதியமின்றி ஈட்டிய புகழ் உள்ளூர் முதலாளியின் நுழைவுச்சீட்டு விற்பனைக்கு உதவவேண்டும் என்பதே இதன் நியாயம். மேலும், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் அதனைப் புதுப்பித்து ஆட்டக்காரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு இருந்தது. அணி விரும்பின் அவரை வேறோர் அணிக்கு மாற்றலாம். அவர் விரும்பி மாறுதல் இயலாது.

முதலாளித்துவ உற்பத்தி தோன்றுவதற்குத் தொழிலாளி இரு கருத்துக்களிற் சுதந்திரமுடையவனாக இருத்தல் வேண்டும் என்பது மார்க்ஸ் தரும் விளக்கம். ஒன்று, உற்பத்திச் சாதனம் எதுவும் அவன் கையில் இல்லை. மற்றது, தன் உழைப்புச் சக்தியைத் தன் உடைமையாகக் கருதி எவருக்கும் விற்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அமெரிக்க ஆட்டக்காரருக்கு முதலாவது ‘சுதந்திரம்’ மட்டுமே வாய்த்திருந்தது. உலகின் வளர்ச்சியடைந்த முதலாளித்துவ நாட்டில், அதன் பெரும் பகட்டான தொழில்களுள் ஒன்றில், நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையாளனின் சாயல் எஞ்சியிருந்தமை விந்தையான முரண்பாடாகும். ஆட்டக்காரனின் ஊதியம் பண்ணையாளனின் கூலியன்று என்பது உண்மை. ஆனால் ஊதியத்தின் அளவு உறவின் தன்மையை மாற்றிவிடாது.

4

இவ்வுறவுக்கு எதிரான இயக்கம் படிப்படியாகவே வளர்ந்தது. 1954 இல் பொஸ்ரன் அணியின் பொப் கூசி ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தை அமைத்தார். 1964 ஜனவரி 14 இல் பொஸ்ரனில், இரு பகுதிகளினதும் தலைசிறந்த வீரர்கள் மோதும் காட்சி ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்தது. ஓய்வூதியத் திட்டம் பற்றிய உறுதிமொழி கிடைக்கும்வரை களமிறங்குவதில்லையென ஆட்டக்காரர் உடைமாற்றும் அறையிலேயே நின்றுவிட்டனர். சங்கத்தின் ஆணையாளர் வோல்ரர் கென்னடி உறுதியளித்த பின்னரே ஆட்டம் தொடங்கியது. அவ்வாட்டத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவர் றொபேட்சன். ஒளிபரப்பு நேரம் என்பது முதலாளிக்கு எத்துணை விலையுயர்ந்த பண்டம் என்பதை ஆட்டக்காரர் அன்று நன்கறிந்திருந்தனர்.

1965 இல் றொபேட்சன் அத்தொழிற்சங்கத்தின் தலைவரானார். அமெரிக்கத் தொழின்முறை விளையாட்டில் ஆட்டக்காரர் சங்கமொன்றுக்குத் தலைமை தாங்கிய முதற் கறுப்பினத்தவர் அவரே. 1967 இல் ஏ.பி.ஏ. எனப்பட்ட போட்டிச் சங்கமொன்று தோன்றியது. வாங்குவோர் இருவராகியதும் உழைப்பின் விலை உயரலாயிற்று. ஆனால் மாறிச் செல்ல முயன்றவர்க்குப் பழைய ஒப்பந்தம் தடையாயிற்று. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த றிக் பரி அவ்வாண்டு புதிய சங்கத்தின் அணியொன்றிற் சேர முற்பட்டபோது, நீதிமன்றத் தீர்ப்பினால் ஒரு பருவம் முழுவதும் ஆடாதிருக்க நேர்ந்தது. விரைவில் இரு சங்கங்களும் ஒன்றாக இணைய முற்பட்டன. இணைப்பு நிகழின் வாங்குபவன் மீண்டும் ஒருவனே.

1970 ஏப்ரலில் றொபேட்சனும், ஏனைய அணிகளின் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுமாகப் பதினால்வர் நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தனர். 1890 ஆம் ஆண்டின் ஷேர்மன் ஏகபோகத் தடைச்சட்டமே அவர்களது ஆயுதம். இணைப்பை மாத்திரமன்றி, புதிய ஆட்டக்காரரைப் பங்கிடும் முறையையும் ஒப்பந்தப் புதுப்பிப்பு விதியையும் அவர்கள் எதிர்த்தனர். நீதிமன்றம் இணைப்பைத் தடுத்து வைத்தது. அதே மாதம் றோயல்ஸ் அணி றொபேட்சனை மில்வோக்கி அணிக்கு மாற்றியது. அப்பொழுது றோயல்ஸின் பயிற்றுநராயிருந்தவர், தொழிற்சங்கத்தை நிறுவிய அதே பொப் கூசி. தனிமனிதரின் நல்லியல்பு தீயியல்புகளை விட, அவர் வகிக்கும் இடமே அவரது பணியைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மில்வோக்கியில், பின்னர் கரீம் அப்துல் ஜபார் எனப் பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டருடன் ஆடி 1971 இல் றொபேட்சன் தமது ஒரே என்.பி.ஏ. வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றார்.

1975 இல் வழக்கை விசாரித்த நீதிபதி றொபேட் கார்ட்டர், வழக்கை விசாரணையின்றித் தள்ளுபடி செய்யுமாறு சங்கம் விடுத்த வேண்டுகோளை ஏற்கவில்லை. பாடசாலைகளில் இனப்பிரிவினை செல்லாதெனத் தீர்க்கப்பட்ட 1954 ஆம் ஆண்டு வழக்கில் கறுப்பின மக்கள் தரப்பில் வாதாடிய சட்டத்தரணிகளுள் ஒருவர் அவர். அற்றக்ஸ் பாடசாலையின் மாணவன் தொடுத்த வழக்கு அவர் முன் வந்தமை தற்செயலாயினும் பொருள் பொதிந்தது. 1976 இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. ஏறத்தாழ 500 ஆட்டக்காரருக்கு 43 இலட்சம் டொலர் அளவில் இழப்பீடு வழங்கப்பட்டது. ஒப்பந்தத்தை அணி தானே புதுப்பிக்கும் விதி ஒழிந்தது. கட்டங்கட்டமாக வளர்ந்த மாற்றத்தின் விளைவாக, 1988 இல் நீண்டகால ஆட்டக்காரர் தடையேதுமின்றித் தாம் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையைப் பெற்றனர்.

5

இவ்வெற்றியின் எல்லைகளையும் சுட்டுதல் அவசியம். முதலாவதாக, இணக்கத்தையடுத்து 1976 இலேயே இணைப்பு நிறைவேறியது. ஏ.பி.ஏ.யின் நான்கு அணிகள் சேர்த்துக்கொள்ளப்பட்டன, எஞ்சியவை மறைந்தன. ஆட்டக்காரர் தெரிவுரிமையைப் பெற்ற அதே வேளையில், ஊதியத்தை உயர்த்திய போட்டிச் சங்கத்தை இழந்தனர். இரண்டாவதாக, 1983 இல் எட்டப்பட்ட உடன்பாடு ஆட்டக்காரர்க்கு வருமானத்தில் 53 வீதத்தை உறுதி செய்ததாயினும், ஒவ்வோர் அணியின் மொத்த ஊதியத்துக்கும் ஓர் உச்சவரம்பை விதித்தது. 1984–85 இல் 36 இலட்சம் டொலராயிருந்த அவ்வரம்பு 2023–24 இல் 13 கோடி 60 இலட்சமாயிற்று. பெருக்கம் பிரமிப்பூட்டுவது, ஆயினும் வரம்பு என்னும் தத்துவம் நீங்கவில்லை. மூன்றாவதாக, போராட்டம் ஏகபோகத்துக்கு எதிராகச் சந்தையின் சட்டத்தையே துணைக்கழைத்தது. அது உழைப்பு பண்டமாவதை ஒழிக்கவில்லை; தன் பண்டத்தைத் தானே விற்கும் உரிமையை உழைப்பவனுக்கு வழங்கியது.

இதனால் அப்போராட்டம் அற்பமானதாகிவிடாது. ஜனநாயக உரிமை எதுவும் வானிலிருந்து விழுவதில்லை. 1974 இல் ஓய்வு பெற்ற றொபேட்சன் என்.பி.ஏ. அணி எதிலும் பயிற்றுநர் பதவி வகிக்கவில்லை. தொலைக்காட்சி வர்ணனையாளர் பணியும் ஒரு பருவத்துடன் முடிந்தது. வழக்கே இதற்குக் காரணம் என அவர் கருதியுள்ளார். அவ்வழக்கின் பெரும்பயனைத் துய்த்தோர் அவருக்குப் பின் வந்தோரே. 2011 இல், எழுபது வயது கடந்த நிலையிலும், மாணவ ஆட்டக்காரரின் உருவத்தையும் பெயரையும் ஊதியமின்றி விற்பதை எதிர்த்து எட் ஓபானன் தொடுத்த வழக்கில் அவரும் இணைந்துகொண்டார். 1960 இல் சின்சினாட்டியில் எழுந்த வினா அரைநூற்றாண்டின் பின்னரும் விடை வேண்டி நின்றது.

றொபேட்சன் பெற்ற 26,710 புள்ளிகளும் ஏட்டில் நிலைத்திருக்கும். எண்ணிக்கைச் சாதனைகள் முறியடிக்கப்படும் இயல்பின. அவரது பல சாதனைகள் ஏலவே முறியடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் இன்று அணி மாறிச் செல்லும் ஒவ்வோர் ஆட்டக்காரனும், அறிந்தோ அறியாமலோ, அப்பதினால்வர் திறந்த வாயிலின் வழியாகவே செல்கின்றான். வீரனைத் தனியொருவனின் அற்புதமாகக் காட்டும் எழுத்து இவ்வாயிலைக் காட்டுவதில்லை. அதனைக் காட்டுவதே விளையாட்டு வரலாற்றை எழுதுவோரின் கடமை.