ஸ்லாட் வாங்கினால் சீரியல் யாருக்கு?

மரக்காணம் உப்பளத்தை வைத்துத் தொடர் எடுக்கக் கிளம்பியிருக்கும் இளைஞர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்தான். ஒரு சேனல் ‘பணம் கட்டுங்கள், நேரம் தருகிறோம்’ என்கிறதாம். இன்னொன்று ‘எடுத்துக் கொடுங்கள், பணம் தருகிறோம்’ என்கிறதாம். எதில் கையெழுத்துப் போடுவது? ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிடும். தை பிறக்கும்வரை உப்பு வாரும் காட்சியை எடுக்க முடியாது. மழைக்கு முன் படப்பிடிப்பை முடிக்கும் அவசரத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

முதலாவது, ஸ்லாட் முறை. தூர்தர்ஷனில் ஸ்பான்சர் நிகழ்ச்சியாக வளர்ந்தது. 1993இல் தொடங்கிய சன் டிவி இதைத் தமிழ்நாட்டில் பெரிய வியாபாரமாக்கியது. தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டுகிறார். பதிலுக்கு எபிசோடுக்கு இத்தனை நிமிடம் விளம்பர நேரம் கிடைக்கிறது. தூர்தர்ஷன் கோப்புகளில் அதன் பெயர் ‘இலவச வணிக நேரம்’. கட்டணம் கட்டியவருக்குத்தான் அது கிடைக்கும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக ஓர் உதாரணம். கட்டணம் ஒரு லட்சம், எடுக்கும் செலவு ஒரு லட்சம், கையில் நான்கு நிமிட விளம்பர நேரம் என்று வைப்போம். விளம்பரம் விற்பது 10 விநாடிக் கணக்கில். நான்கு நிமிடம் என்றால் 24 துண்டு. ஒவ்வொன்றும் சுமார் 8,300 ரூபாய்க்குப் போனால்தான் முதல் தேறும். ரேட்டிங் ஏறினால் அதே துண்டு இரட்டை விலைக்குப் போகும், லாபம் தயாரிப்பாளருக்கு. ரேட்டிங் விழுந்தால் பாதி துண்டுகள் விலை போகாது. அப்போதும் சேனலுக்குக் கட்டணம் வந்தாக வேண்டும். ஒரு தொடர் ஓடத் தொடங்கிய பிறகு அதை முடிக்க யாருக்கும் மனம் வராததற்கும் இந்தக் கணக்கே காரணம். செட்டுக்கும் அறிமுகத்துக்கும் ஆன செலவு ஆரம்ப வாரங்களோடு போய்விடுகிறது. விளம்பர விலை ஏறுவதோ பிறகுதான். 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’ 800 எபிசோடைத் தாண்டியதைக் கதையின் நீளத்தை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது.

இரண்டாவது, கமிஷன் முறை. சேனல் எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுக்கும். விளம்பரத்தை அதுவே விற்றுக்கொள்ளும். பின்னாளில் சன் டிவியும் இந்தப் பக்கம் நகர்ந்தது. தயாரிப்பாளருக்கு நஷ்ட பயம் இல்லை என்று சேனல்கள் சொல்கின்றன. அது பாதி உண்மை. மீதிப் பாதி 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் இருக்கிறது: ஒருவர் கேட்டு, அவர் பணத்தில் எடுத்துக் கொடுத்த படத்துக்கு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட்டு உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எழுதாமல் விட்டாலே அது போய்விடும். என்னை உறுத்துவது இதுதான்.

உரிமை கையில் இருந்தால் ஒரு வாழ்க்கை எப்படி அமையும் என்பதற்கு கே. பாலசந்தரைப் பார்க்கலாம். ஏஜி (அக்கவுன்டன்ட் ஜெனரல்) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டு, 1965இல் ‘நீர்க்குமிழி’யோடு இயக்குநரானவர். ‘அபூர்வ ராகங்கள்’ அவர் கலாகேந்திரா நிறுவனத்துக்கு எடுத்துக் கொடுத்த படம். 1981இல் சொந்த நிறுவனமான கவிதாலயாவைத் தொடங்கிய பிறகு தயாரிப்பாளரும் ஆனார். மணிரத்னத்தின் ‘ரோஜா’, சுரேஷ் கிருஷ்ணாவின் ‘அண்ணாமலை’ என மற்றவர்கள் இயக்கிய படங்களும் அந்தப் பெயரில் வந்தன. 1990இல் தூர்தர்ஷனில் ‘ரயில் சிநேகம்’ இயக்கினார். சினிமாவில் அத்தனை பெயர் இருந்தும் சின்னத்திரையை அவர் இரண்டாம் இடமாக நினைக்கவில்லை. ‘கையளவு மனசு’, ‘பிரேமி’, ‘சஹானா’ என்று தொடர்ந்து எடுத்தார். மகன் பால கைலாசம் நடத்திய மின்பிம்பங்கள், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேச’த்தைத் தயாரித்தது. தொண்ணூறுகளில் ஒளிபரப்பான அந்தத் தொடரைக் கவிதாலயாவின் யூடியூப் சேனலில் புதுத் தலைமுறை பார்க்கிறது. தந்தை, மகன் இருவருமே 2014இல் காலமாகிவிட்டார்கள். தொடர் அவர்களது நிறுவனத்திடம் இருக்கிறது. கமிஷனில் எடுத்துக் கொடுத்து ஒதுங்கியவர்களுக்கு இப்படிக் காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அதனால் கமிஷன் கிடைத்தாலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கி ஸ்லாட் எடுத்து வீட்டை இழப்பதைவிட அது மேல். ஆனால் முதல் ஒளிபரப்பு உரிமை மட்டும் சேனலுக்கு, இத்தனை ஆண்டுக்குப் பிறகு மற்றவை எங்களுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். பெரிய சேனல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிறிய சேனலிடம் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

உரிமை மாற்றத்தில் காலமும் இடமும் எழுதாவிட்டால்? சட்டப்படி 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும்.

உரிமை மொத்தம் எத்தனை காலம்? படத்துக்கு 60 ஆண்டு.

இயக்குநருக்கு? சட்டத்தின் கண்ணில் படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான்; இயக்குநருக்கு ஒப்பந்தத்தில் எழுதியதே மிச்சம்.

கதை எழுதியவருக்கு? 2012 திருத்தத்துக்குப் பின் ராயல்டிப் பங்கை அவர் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

மணிக்கு 12 நிமிட விளம்பரம்தானே? விதி அப்படித்தான் சொல்கிறது. 2013இலேயே அதை எதிர்த்துச் சேனல்கள் நீதிமன்றம் போய்விட்டன.

மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஈரநிலத்தில் பறவைகளை எடுக்கலாமா? 2021 முதல் அது சரணாலயம். வனத்துறை அனுமதி வேண்டும்.

உப்பு வாருபவர்களை எடுக்க? குத்தகைதாரர் சம்மதம் மட்டும் போதாது. வெயில் ஏறுமுன் வாரி முடிக்க வேண்டியவர்களை ‘இன்னொரு டேக்’ என்று நிறுத்தினால், அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.

ஸ்லாட்டுக்கு முன்பணம் கட்டியாயிற்று, ஒப்பந்தம் இன்னும் வரவில்லையே? உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும்; தாள் கைக்கு வரும்வரை ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.