பாரிஸில் ஒரு பார்ட் டைம் வேலை… ஃபிலிப் கிளாஸின் இசையை மாற்றிய ‘தகிட’ கணக்கு!

வெளிநாட்டில் படிக்கப் போனவர்கள் கைச்செலவுக்கு பார்ட் டைம் வேலை பார்ப்பது சகஜம்தான். ஆனால், 1960-களின் நடுவில் பாரிஸில் ஓர் அமெரிக்க மாணவருக்கு அப்படி அமைந்த வேலை, எந்த வகுப்பிலும் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தது.

அந்த மாணவர் ஃபிலிப் கிளாஸ். ‘தி ஹவர்ஸ்’ படம் பார்த்தவர்கள் அவர் இசையைக் கேட்டிருப்பீர்கள். நியூயார்க் ஜூலியார்டில் படித்து முடித்தவர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் 1964-ல் பாரிஸ் போனார். குரு, நாடியா பூலாஞ்சே. ஆரோன் கோப்லண்ட், க்வின்ஸி ஜோன்ஸ், பியாசோலா எல்லாம் இவரிடம் பாடம் கேட்டவர்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர் என்ற சலுகையெல்லாம் கிடையாது. ஹார்மனி, கவுண்டர்பாயின்ட் என்று மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பம்.

ஸ்டூடியோவில் என்ன சிக்கல்?

அந்தச் சமயத்தில் கான்ராட் ரூக்ஸ் இயக்கிய ‘சாப்பாகுவா’ படத்துக்கு இசை சிதார் மேதை ரவிசங்கர். வாசிக்க வேண்டியவர்களோ பிரெஞ்சுக் கலைஞர்கள். தாளில் நோட்ஸ் இருந்தால்தான் கை ஓடும். ரவிசங்கர் பாடிக் காட்டுவதைக் கேட்டு மேற்கத்திய முறையில் எழுதித்தர ஓர் ஆள் வேண்டும். நண்பர் வழியாக அந்த வேலை கிளாஸுக்கு வந்தது. இந்திய இசை பற்றி அவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது!

எழுதிக் கொடுத்தார், வாசித்தார்கள். உடன் இருந்த தபலா மேதை அல்லா ரக்கா, ‘அழுத்தம் தப்பு’ என்றார். கிளாஸ் திருத்தினார். அப்பவும் தப்பு.

விஷயம் இதுதான். மேற்கத்திய நோட்ஸில் சில அடிகளுக்கு ஒருமுறை குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். கோட்டை அடுத்து வரும் ஸ்வரத்தில் தானாகவே ஓர் அழுத்தம் விழும். இப்போ ‘தகிட தகிட தக’ என்று சொல்லிப் பாருங்கள். மொத்தம் 8. இதை 4, 4 என்று கோடு போட்டு வெட்டினால், இரண்டாவது ‘தகிட’வில் ‘கி’ மேல் தேவையில்லாமல் ஓர் அடி விழுகிறது. கோட்டை நகர்த்தினால் அடி வேறு இடத்துக்குப் போகுமே தவிர, ஒழியாது. மிருதங்க வகுப்புப் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு இது சாதாரண விஷயம். ஸ்டூடியோவில் எல்லோரும் காத்திருக்க, நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு அப்படி இல்லை.

கடைசியில் வெறுத்துப்போய் எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டார். மிச்சம் இருந்தது இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக நீளும் ஒரே ஓட்டம். காலத்தைத் துண்டு போடாமல், சின்னத் துண்டுகளைச் சேர்த்தே காலத்தைக் கட்டலாம் என்று அங்கேதான் பிடிபட்டது.

அதிர்ஷ்டம் மட்டும்தானா?

பாதிதான். சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் இந்தியாவுக்குப் பயணம் போனார். பிறகு நியூயார்க்கில் அல்லா ரக்காவிடமே பாடமும் கேட்டார். 1968-ல் அவர் எழுதிய ஒரு படைப்பின் பெயரே ‘1+1’. மேஜையைத் தட்டி வாசிப்பது. ஆனால் ஒன்று, இது நம்ம தாளம் அல்ல. தாளம் சுற்றிச் சுற்றி ஆரம்ப இடத்துக்கு வந்து சேரும். கிளாஸ் எடுத்துக்கொண்டது அந்தக் கூட்டல் கணக்கை மட்டும்தான்.

அதனால் உடனே காசு கொட்டிவிடவில்லை. பிளம்பர் வேலை பார்த்தார், டாக்ஸி ஓட்டினார். 1976-ல் ‘ஐன்ஸ்டைன் ஆன் த பீச்’ நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் மேடையேறிய பிறகும் டாக்ஸிதான்! 1980-ல் காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையை வைத்து ‘சத்தியாகிரகா’ ஓபரா வந்தது. அதில் பாடப்படுவது முழுக்க சம்ஸ்கிருதம், பகவத் கீதையிலிருந்து எடுத்தது.

1990-ல் ரவிசங்கரும் கிளாஸும் சேர்ந்து ‘பாஸேஜஸ்’ ஆல்பம் போட்டார்கள். ஒருவர் கொடுத்த மெட்டை எடுத்து மற்றவர் இசையமைத்த பகுதிகள் அதில் உண்டு.