எளிதில் கிடைக்காத மருந்துகளைத் தேடிப் பெறுதல்

மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து அருகிலுள்ள மருந்துக்கடைகளில் இல்லாதபோது, அது எங்கே கிடைக்கும் என அறிந்து தடையின்றிப் பெறுவது நீண்டகால நோயாளிகளின் குடும்பங்களுக்கு அடிக்கடி நேரும் சிக்கலாகும். காய்ச்சல், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கின்றன. இருமுனை மனநலக் கோளாறுக்கான லித்தியம், தலசீமியா நோயாளிகளின் உடலில் சேரும் மிகையான இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின், மயஸ்தீனியா என்னும் தசைத்தளர்ச்சி நோய்க்கான பைரிடோஸ்டிக்மின் போன்றவை அப்படியல்ல. இத்தகைய மருந்துகள் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் பழைய நிலைக்கும் கீழே போய்விடும்.

கடலூருக்கு மேற்கே ஏறத்தாழ 6 கி.மீ. தொலைவில், கெடிலம் ஆற்றங்கரையில் அமைந்த திருவந்திபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்குள்ள தேவநாதசுவாமி கோயிலை அடுத்த குன்றுக்கு ஔஷதகிரி, அதாவது மருந்துமலை என்று பெயர். அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு அது என்பது தலபுராணம். எந்த மூலிகை எனத் தெரியாததால் அனுமன் மலையையே பெயர்த்தெடுத்தான் என்பது கதை. மருந்துச் சீட்டிலுள்ள வணிகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குபவர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

ஏன் கடைகளில் இருப்பதில்லை

முதற் காரணம் கணக்கு. விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் உச்சவிலை, சில்லறைக் கடைக்காரருக்கு 16 விழுக்காடு இலாபம் வைத்துக் கணக்கிடப்படுகிறது. 100 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி ஒன்று விற்காமல் காலாவதியாகி, நிறுவனமும் அதைத் திரும்ப எடுக்காவிட்டால், அந்த இழப்பை ஈடுகட்ட அதே போன்ற ஆறு பெட்டிகளுக்கு மேல் விற்க வேண்டும். மாதம் ஒரே ஒருவர் கேட்கும் மருந்தை வாங்கி அடுக்கக் கடைக்காரர் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் வியப்பானது: மருந்தின் மலிவு. விலை மிகக் குறைவாக நிர்ணயிக்கப்பட்ட பழைய மருந்துகளை உற்பத்தி செய்வதில் நிறுவனங்கள் ஆர்வம் இழக்கின்றன. மூலப்பொருள் விலை ஏறியும் விற்பனை விலை ஏறாதபோது சில நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்த அனுமதி கோருகின்றன. இதனால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 19ஆம் பத்தியைப் பயன்படுத்தி, 2019 திசம்பரில் 21 மருந்து வடிவங்களின் உச்சவிலையை 50 விழுக்காடு உயர்த்தியது. 2024 அக்டோபரில் எட்டு மருந்துகளின் 11 வடிவங்களுக்கு மீண்டும் அதே உயர்வு தரப்பட்டது. லித்தியம் 300 மி.கி. மாத்திரை, டெஸ்ஃபெரியாக்சமின் 500 மி.கி. ஊசி, கண் நீரழுத்த நோய்க்கான பைலோகார்பின் சொட்டு மருந்து, பென்சைல் பெனிசிலின் ஊசி ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன. விலையுயர்வு நோயாளிக்குச் சுமைதான். ஆயினும் கடையில் இல்லாத மலிவான மருந்தால் பயன் ஏதுமில்லை.

பெயரை அறிதல்

ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு வணிகப் பெயர்களில் விற்கின்றன. லித்தோசன், லைகாப் ஆகிய இரண்டும் லித்தியம் கார்பனேட்டே. 'லித்தோசன் இல்லை' என்று கடையில் சொல்வதற்கு 'லித்தியம் இல்லை' என்பது பொருளன்று. மாத்திரை அட்டையில் வணிகப் பெயருடன் அச்சிடப்பட்டிருக்கும் மூலப்பெயரையும், அளவையும், வடிவத்தையும் குறித்து வைத்துக்கொள்வது தேடலின் முதற்படியாகும். சாதாரண 300 மி.கி. மாத்திரையும், மெதுவாகக் கரையும் 'எஸ்ஆர்' வகை 400 மி.கி. மாத்திரையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

எனினும் கடைக்காரர் தாமாக வேறு வணிகப் பெயரில் உள்ளதைத் தரக்கூடாது. மருந்துகள் விதிகள், 1945-இன் 65ஆம் விதி, எச், எச்1, எக்ஸ் அட்டவணை மருந்துகளுக்குப் பதிலாக, ஒரே மூலப்பொருள் கொண்டதாயினும், வேறொன்றைக் கொடுப்பதைத் தடை செய்கிறது. ஆகவே மருத்துவரிடமே மூலப்பெயரில் எழுதித் தரும்படியோ, மாற்றாக ஏற்கத்தக்க வணிகப் பெயர்களையும் குறிப்பிடும்படியோ கேட்டுப் பெறுவது நல்லது. லித்தியம், தைராய்டு மாத்திரை, வலிப்பு மருந்துகள் சில ஆகியவற்றில் பயனளிக்கும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி குறைவு. நிறுவனம் மாறினால் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம் என்பதால் மருத்துவருக்குத் தெரியாமல் மாற்றக்கூடாது.

தேடும் வழி

அரிய மருந்து அதை எழுதும் மருத்துவரைச் சுற்றியே கிடைக்கும். நோயாளியின் வீட்டருகே கிடைக்க வேண்டும் என்பதில்லை. திருவந்திபுரத்தில் வசிப்பவருக்குப் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் மருந்து எழுதப்பட்டால், கடலூரில் பத்துக் கடைகளில் கேட்பதைவிட ஜிப்மர் வாயிலில் உள்ள கடைகளில் கேட்பது பயன் தரும். சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுவது, பின்னர் ஒரு பேருந்துப் பயணத்தை மிச்சப்படுத்தும்.

ஒவ்வொரு முறையும் அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்கள், உள்ளூர்க் கடை ஒன்றை நிலையாகப் பிடித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. கடைகளுக்கு மருந்து வழங்கும் மொத்த விற்பனையாளரிடம் (பேச்சுவழக்கில் ஸ்டாக்கிஸ்ட்) இருப்பு உள்ளதா எனக் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டுச் சொல்ல முடியும். மாதந்தோறும் தவறாமல் வாங்குவார் என்ற நம்பிக்கை ஏற்பட்டால் அவர் வரவழைத்துத் தருவார். ஒரு தொகையை முன்பணமாகக் கொடுப்பது அவருடைய தயக்கத்தைக் குறைக்கும். கையிருப்பு பத்து நாட்களுக்குக் குறையும்போதே சொல்லிவைக்க வேண்டும். கடைசி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதுதான் பலரும் செய்யும் தவறு.

மக்கள் மருந்தகங்களில் இருப்பை அறிய 'ஜன் ஔஷதி சுகம்' செயலி உள்ளது. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இவ்விரு வகைக் கடைகளும் பலரும் வாங்கும் மருந்துகளையே முதன்மையாகக் கொண்டவை என்பதால், அரிய மருந்துக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாமே தவிர நம்பியிருக்க முடியாது. அரசு மருத்துவமனை நோயாளிகளுக்கு வேறொரு வழி உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழங்கும் பட்டியலில் இல்லாத மருந்தை மருத்துவமனையே உள்ளூரில் கொள்முதல் செய்ய இடமுண்டு. இதை மருத்துவர் வழியாகக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை.

2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டிய ஊசி மருந்துகளை வெளியூரில் வாங்கினால், பனிக்கட்டிப் பையுடன் கொண்டுவர வேண்டும். மருந்து பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டு உறைந்துபோனாலும் கெட்டுவிடும்.

சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டவை

கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டுக் கோளாறுக்கான மெத்தில்ஃபெனிடேட் எக்ஸ் அட்டவணையில் உள்ளது. இதை விற்கத் தனி உரிமம் வேண்டும். மருந்துச் சீட்டு இரு படிகளாக இருக்க வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்த உரிமம் இல்லாத கடைகளில் எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது.

புற்றுநோய் வலிக்கான மார்ஃபின் இதைவிடக் கடினமானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் நடைமுறை ஓரளவு எளிதாகியுள்ளது. ஆயினும் இது பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் வழியாகவே நோயாளிகளைச் சென்றடைகிறது. எனவே மருந்துக்கடையைத் தேடுவதை விட்டு, வலித்தணிப்புச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையைத் தேட வேண்டும்.

எங்குமே கிடைக்காதபோது

கடையில் இருக்கும் மருந்தை, உரிய சீட்டுடன் வருபவருக்கு விற்க மறுப்பதை 2013ஆம் ஆண்டின் ஆணை தடை செய்கிறது. பட்டியலிடப்பட்ட மருந்தின் உற்பத்தியை நிறுத்த விரும்பும் நிறுவனம் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன் அறிவிக்கவும் வேண்டும். தட்டுப்பாடு குறித்து விலை நிர்ணய ஆணையத்தின் 1800 111 255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, 2015இல் தொடங்கப்பட்ட 'பார்மா ஜன் சமாதான்' தளத்திலோ முறையிடலாம். அதன் 'பார்மா சாஹி தாம்' செயலியில் மூலப்பெயரை இட்டால் வணிகப் பெயர்களும் விலைகளும் தெரியும்.

இந்தியாவில் விற்கப்படாத மருந்தாயின், 12ஏ படிவத்தில் விண்ணப்பித்துச் சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்யலாம். அனுமதி 12பி படிவத்தில் வழங்கப்படும். தேசிய அரிய நோய்க் கொள்கையின் பட்டியலில் உள்ள நோய்களுக்காக இவ்வாறு தருவிக்கப்படும் மருந்துகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்கவரி நீக்கப்பட்டுள்ளது.