வாசகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் ராக்கெட்!

சோழவரம் என்றதும் ஏரி நினைவுக்கு வரும். வயதானவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அது மோட்டார் பந்தயம்!

இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த விமான ஓடுதளத்தில் அந்தப் பந்தயங்கள் நடந்தன. சென்னையிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது.

பந்தயத்தில் வென்றவர் யார் என்று கடிகாரம் சொல்லிவிடும். கதைக்கு? நூறு கதைகளில் எது சிறந்தது என்று எந்தக் கடிகாரம் சொல்லும்?

நாலு பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்வது வழக்கம். விஞ்ஞானக் கதை ரசிகர்கள் வேறு வழி கண்டார்கள். "படிக்கிற நாமே ஓட்டுப் போடுவோம்" என்று கிளம்பினார்கள்.

பரிசு பிறந்தது

அந்தப் பரிசின் பெயர் ஹியூகோ.

ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் 1926இல் அமெரிக்காவில் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அவர் பெயரையே பரிசுக்கு வைத்துவிட்டார்கள். 1953இல் பிலடெல்பியா நகரில் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன. நாவலுக்கான பரிசை ஆல்பிரட் பெஸ்டர் பெற்றார்.

பரிசாகப் பணம் கிடையாது. ஒரு ராக்கெட் சிலைதான்! அதற்குத்தான் இவ்வளவு போட்டி.

ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நகரில் உலக விஞ்ஞானக் கதை மாநாடு கூடும். அதில் சந்தா கட்டிய எவருக்கும் ஓட்டு உண்டு. நேரில் போக வேண்டியதில்லை. சோழவரத்தில் இருப்பவரும் வீட்டில் இருந்தபடியே ஓட்டுப் போடலாம். ஆனால் சந்தா கொஞ்சம் கனம். 2015இல் அது 40 டாலர்.

சந்தா கட்டியவருக்கு ஒரு லாபமும் உண்டு. போட்டியில் உள்ள கதைகளில் பலவற்றைப் படிக்க அனுப்பி வைக்கிறார்கள். படித்துவிட்டு ஓட்டுப் போடட்டும் என்பதற்காக!

'யாருக்கும் வேண்டாம்'

ஓட்டுப் போடும் முறை சுவையானது. பிடித்த கதைக்கு 1, அடுத்ததற்கு 2, அதற்கும் அடுத்ததற்கு 3 என்று எண் போட வேண்டும். நம் ராஜ்யசபா தேர்தலில் எம்.எல்.ஏ.க்களும் இப்படித்தான் எண் போடுகிறார்கள். கடைசியில் வந்த கதையை நீக்கிவிட்டு, அந்த ஓட்டுகளை அடுத்த எண் பெற்ற கதைகளுக்குச் சேர்ப்பார்கள். ஒன்று பாதிக்கு மேல் பெறும்வரை இது நடக்கும்.

'யாருக்கும் பரிசு வேண்டாம்' என்றும் ஓட்டுப் போடலாம். நம் ஊர் நோட்டாவைப் போல. ஆனால் நம் நோட்டா எத்தனை ஓட்டு வாங்கினாலும் வேட்பாளர்களில் ஒருவர் ஜெயித்துவிடுவார். அங்கே அப்படி இல்லை. நோட்டா ஜெயித்தால் பரிசே கிடையாது!

2015இல் அது நடந்தது. ஒரு கூட்டத்தார் பட்டியல் தயாரித்து, அதன்படியே பெயர் கொடுக்கச் சொன்னார்கள். பல பிரிவுகளில் அந்தப் பட்டியலே இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. மற்ற வாசகர்கள் கொதித்துப் போனார்கள். சந்தா கட்டித் திரண்டார்கள். 5,950 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஐந்து பிரிவுகளில் பரிசு யாருக்கும் இல்லை!

கள்ள ஓட்டு!

வாசகர் திரண்டால் மட்டும் போதுமா? எண்ணுகிறவர் கையும் சுத்தமாக இருக்க வேண்டுமே!

2023இல் சீனாவின் செங்டு நகரில் மாநாடு. ஆர். எப். குவாங் எழுதிய 'பேபல்' நாவல் போட்டியிலேயே இல்லை. வாசகர்கள் வியந்தார்கள். 2024 ஜனவரியில் கணக்கு வெளியானது. போதிய ஆதரவு இருந்தும் 'தகுதி இல்லை' என்று அதை நீக்கியிருந்தார்கள். காரணம் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஒரே கூச்சல்.

அடுத்த மாநாடு 2024இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். அங்கே எண்ணியவர்கள் 377 ஓட்டுகளைப் பிடித்தார்கள். எல்லாம் போலி! சிலருடைய பெயர்களைப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசை எண்களின் மொழிபெயர்ப்பு. கள்ள ஓட்டுப் போட்டவருக்குப் பெயர் வைக்கக்கூடச் சோம்பல் போலும்!

அந்த ஓட்டுகள் ஒரே ஒரு போட்டியாளருக்கு உதவப் போடப்பட்டவை. அவற்றைத் தள்ளிவிட்டு, விவரத்தை முடிவுக்கு முன்பே ஊரறியச் சொன்னார்கள். அந்தப் போட்டியாளருக்கு இதில் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். அவர் போட்டியில் நீடித்தார்.

அதே தேர்தலில் தமிழர் சம்பந்தமும் ஒன்று உண்டு. கொழும்பில் பிறந்த தமிழ்ப் பெண் மேரி ஆன் மோகன்ராஜ். சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். 2000இல் அவர் 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' என்ற இணையப் பத்திரிகையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பொறுப்பை மற்றவர்களிடம் கொடுத்தார். அவர்கள் சம்பளம் வாங்காமல் நடத்தினார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பத்திரிகை ஹியூகோ இறுதிப் போட்டிக்கு வரும். ராக்கெட் வேறு எங்காவது போய்விடும்.

2024இல் கிளாஸ்கோவில் ஓட்டுகளை எண்ணி முடித்தார்கள். ராக்கெட் அந்தப் பத்திரிகைக்கு வந்தது!