பட்டுப்போனதென்று பிடுங்கிவிடாதீர்கள்!



ஒரு ஜனவரி மாதத்தில் கடக்வாஸ்லாவிலுள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றிருந்தேன். முத்தா நதியின் அணைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. அவ்வீட்டின் பால்கனி ஓரத்தில் ஓர் இலையுமில்லாத கறிவேப்பிலைச் செடி தொட்டியில் நின்றது. "ஐயா, எங்கள் அம்மா திருநெல்வேலியிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கன்று இது. இப்போது அம்மாவும் இல்லை. தினமும் இருவேளை தண்ணீர் ஊற்றியும் பட்டுப்போயிற்று. நாளைக்குப் பிடுங்கிவிடலாம் என்றிருக்கிறோம்" என்று அந்தச் சகோதரி கண்கலங்கிக் கூறினார்கள்.

நான் விரல்நகத்தால் தண்டைச் சற்றே சுரண்டிப் பார்த்தேன். மேல்தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தது. செடி மரிக்கவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேரிட்ட பெரிய ஆபத்து குளிரல்ல, அன்போடு ஊற்றப்பட்ட அந்த இருவேளைத் தண்ணீரே!

ஏன் இலை உதிர்கிறது?

தென்மாவட்டங்களிலிருந்து வந்த நாம் குளிர்காலத்தை அறியாதவர்கள். திருநெல்வேலியில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. புனேயோ கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே பகலில் 30 டிகிரியை ஒட்டி வெயில் காய்ந்தாலும், இரவில் 11, 12 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சில இரவுகளில் 10-க்கும் கீழே போகிறது. கட்டடங்கள் நெருங்கிய நகரத்தின் நடுவைக் காட்டிலும், திறந்தவெளி மிகுந்த கடக்வாஸ்லா போன்ற பகுதிகளில் குளிர் இன்னும் அதிகம்.

கறிவேப்பிலை, மல்லிகை, செம்பருத்தி ஆகியவை வெப்பத்தை விரும்புகிறவை. குளிரில் அவற்றின் வளர்ச்சி அடங்குகிறது. மல்லிகை பூப்பதை நிறுத்துகிறது. கறிவேப்பிலை மஞ்சளாகி இலைகளை உதிர்க்கிறது. இது நோயன்று, ஓய்வு.

தண்ணீரே எப்படிக் கொல்லும்?

இலை குறைந்த செடி தண்ணீரைக் கொஞ்சமாகவே உறிஞ்சும். ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே தங்கும். வேர்களுக்கும் காற்று வேண்டும் என்பதை அநேகர் அறிவதில்லை. மண்ணின் இடைவெளிகளில் எப்போதும் நீர் நிறைந்திருந்தால் வேர் மூச்சுத்திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை மேலே அனுப்ப இயலாது. ஆகையால் செடி வாடுகிறது. நாமோ, "ஐயோ, வாடுகிறதே" என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம்! புனேயைச் சுற்றியுள்ள கரிசல் மண் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மையுடையது. அதை மாத்திரம் தொட்டியில் நிரப்பியிருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

செய்யவேண்டியவை

1. நாள் கணக்குப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டு விரற்கணு ஆழத்திற்கு விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் மாத்திரம் ஊற்றுங்கள். அதையும் காலை வெயில் வந்தபின் செய்யுங்கள், மாலையில் வேண்டாம்.

2. இம்மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. தெற்குப் பார்த்த பால்கனிக்குள் வெயில் ஆழமாக நுழையும். வடக்குப் பார்த்த பால்கனிக்கு நேர்வெயில் கிடையாது. வெப்பம் நாடும் செடிகளைத் தெற்கே மாற்றுங்கள். மணி பிளான்ட் ஜன்னலருகே நிழலில் இருக்கட்டும்.

3. உறங்கும் செடிக்கு உரம் இடாதீர்கள், தொட்டியும் மாற்றாதீர்கள். பிப்ரவரி இறுதியில் துளிர் கண்டபின், செம்மண், மணல், மட்கிய எரு கலந்து புதுத்தொட்டியில் வையுங்கள்.

4. வறண்ட காற்றில் செஞ்சிலந்தியும் மாவுப்பூச்சியும் பெருகும். இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து, வேப்பெண்ணெயில் சில துளி சோப்புக் கரைசல் சேர்த்து, தண்ணீர் கலந்து தெளியுங்கள்.

5. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு ஏறக்குறைய 8 முதல் 10 நாட்களில் முட்டையிலிருந்து முழுவளர்ச்சி பெறும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

குளிர்காலத்தின் மகிழ்ச்சி

எல்லாச் செடிகளும் உறங்குகிறதில்லை. சாமந்திக்கு நீண்ட இரவுகள் வந்தால்தான் மொட்டுக் கட்டும். ஆகவே மல்லிகை ஓய்ந்திருக்கும் காலத்தில் சாமந்தி சிரிக்கும். அதை நாம் 'செவ்வந்தி' என்றும் சொல்லுகிறோம். மராத்தியர் 'ஷேவந்தி' என்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மையாரோடு பேச்சைத் தொடங்க இது ஒன்றே போதுமே! ரோஜாவுக்கும் இது நல்ல காலம். ஜனவரியில் புனே எம்ப்ரஸ் தோட்டத்தில் நடைபெறும் மலர்க்கண்காட்சிக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

இடம் குறைவு என்கிறீர்களா? அகலமான ஒரு தொட்டியில் வெந்தயம் தூவுங்கள். சில நாட்களிலேயே முளைக்கும், மூன்று நான்கு வாரங்களில் கீரையாகப் பறிக்கலாம். கோடையில் விரைந்து பூத்து முற்றிவிடும் கொத்தமல்லி, இக்குளிரில் நன்றாய்த் தழைக்கும். பிள்ளைகள் கையாலேயே விதைக்கச் சொல்லுங்கள். ஃபிளாட்டில் பிறந்து வளரும் அவர்கள் மண்ணைத் தொட்டறிய இது நல்ல தருணம்.

அந்தக் கறிவேப்பிலை

அந்தச் சகோதரி செடியைப் பிடுங்கவில்லை. தண்ணீரைக் குறைத்து, தொட்டியை வெயில்படும் மூலைக்கு நகர்த்திவைத்துக் காத்திருந்தார்கள். பிப்ரவரி முழுவதும் ஒன்றுமே நிகழவில்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, அம்மாவின் செடி துளிர்த்துவிட்டது" என்றார்கள். அதற்குமேல் அவர்களால் பேச இயலவில்லை.

ஊரிலிருந்து நாம் கொண்டுவந்தவை கொஞ்சமே. அவற்றில் ஒன்று உங்கள் பால்கனியில் இலையின்றி நிற்கிறதா? இன்றே நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால், செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.