ரட்லாண்ட்: பெயரிலேயே இரண்டு கவுன்சில்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரட்லாண்ட் என்று ஒரு குட்டிப் பிரதேசம் இருக்கிறது. அதன் உள்ளாட்சி அமைப்புக்குச் சட்டப்படியான பெயர் என்ன தெரியுமா? ‘ரட்லாண்ட் கவுன்ட்டி கவுன்சில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்’. தட்டச்சுப் பிழை இல்லை. என்னை மாதிரி டேட்டாபேஸோடு குப்பை கொட்டுகிறவர்களுக்கு இப்படி ஒரு பெயரைப் பார்த்ததும் யாரோ இரண்டு பத்திகளைத் தவறுதலாக ஒட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் பெயருக்குப் பின்னால் ஐம்பது வருடத்து அரசியல் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். பரப்பளவு 382 சதுர கிலோமீட்டர். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, நடுவில் டீ குடிக்க நிறுத்தினாலும், காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 41,049. ஸில்லி தீவுகளையும் லண்டன் மாநகரின் நடுவே இருக்கும் பழைய ‘சிட்டி’யையும் ஒதுக்கிவிட்டால், இங்கிலாந்தில் இதைவிடக் குறைந்த ஜனங்களை ஆளும் டிஸ்ட்ரிக்ட் கிடையாது. ஊர் என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு, ஓக்கமும் அப்பிங்ஹாமும். மிச்சமெல்லாம் கிராமம், வயல், ஆட்டு மேய்ச்சல்.

மேற்கே களிமண் மேடுகள். மிக உயரமான இடமே 197 மீட்டர்தான், அதனால் மலை என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கிழக்கே போகப்போகச் சுண்ணாம்புக்கல் வரும். அந்தக் கல்தான் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தேன் நிறத்தைக் கொடுக்கிறது. கெட்டன் கல்லைக் கொண்டுபோய் கேம்பிரிட்ஜில் கல்லூரிகள் கட்டினார்கள். கிளிப்ஷம் கல்லை வைத்து லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தைப் பழுது பார்த்தார்கள். கெட்டனில் இன்றும் பெரிய சிமென்ட் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. தெற்கு எல்லை வெல்லண்ட் ஆறு. அதன் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகும் 82 வளைவுகள் கொண்ட ரயில் பாலத்தின் ஒரு முனை ரட்லாண்டில் இருக்கிறது, மறுமுனை நார்த்தாம்ப்டன்ஷயரில்.

நடுவில், வரைபடத்தில் குதிரை லாடம் மாதிரி வளைந்து கிடக்கும் நீலம்தான் ‘ரட்லாண்ட் வாட்டர்’. இயற்கையான ஏரி அல்ல. க்வாஷ் என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கை எம்பிங்ஹாம் அருகே அணை போட்டு மறித்து, 1970களில் உண்டாக்கிய நீர்த்தேக்கம். க்வாஷ் ஆற்றில் இவ்வளவு தண்ணீர் வராது. வெல்லண்ட், நீன் ஆறுகளிலிருந்து பம்ப் செய்து ரொப்புகிறார்கள். பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப்பெரிய நீர்த்தேக்கம் இதுதான் (கொள்ளளவில் வடக்கே இருக்கும் கீல்டர் பெரியது). சுமார் 11 சதுர கிலோமீட்டர் தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கவுன்ட்டியின் நிலத்தில் கிட்டத்தட்ட 3 சதவீதம், பெரும்பாலும் பக்கத்துப் பிரதேசங்களில் பெருகிவந்த நகரங்களின் தாகத்துக்காக மூழ்கிப்போனது. நெதர் ஹாம்பிள்டன் என்ற குக்கிராமம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும் தீபகற்பமாகத் தப்பித்தது. நார்மன்டன் தேவாலயத்தின் கீழ்ப்பாதியைக் கல்லையும் கான்கிரீட்டையும் கொட்டி நிரப்பி, தரையை மேலே உயர்த்தி, சுற்றிக் கரை எழுப்பிக் காப்பாற்றினார்கள். இன்று ரட்லாண்ட் என்று தேடினால் முதலில் வரும் படம், பாதி உடல் நீருக்குள் நிற்பது போன்ற அந்தக் கோயில்தான்.

கட்டும்போது இதற்கு எம்பிங்ஹாம் நீர்த்தேக்கம் என்றுதான் பெயர். 1976ல் திறந்தபோது ரட்லாண்ட் வாட்டர் ஆனது. அந்த வருடம் ரட்லாண்ட் என்ற கவுன்ட்டியே அதிகாரபூர்வமாக இல்லை என்பதுதான் வேடிக்கை. அங்கேதான் நம்முடைய கதை ஆரம்பிக்கிறது.

இங்கிலாந்தின் கிராமப்புற உள்ளாட்சி பொதுவாக மூன்று அடுக்கு. மேலே கவுன்ட்டி கவுன்சில்: பள்ளிக்கூடம், சாலை, நூலகம், முதியோர் பராமரிப்பு, ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்பு. நடுவே டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்: குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி, வீட்டு வசதி, வரி வசூல். அடியில் பாரிஷ் கவுன்சில், நம் ஊராட்சியைவிடவும் சின்னது: விளையாட்டு மைதானம், சமூகக் கூடம், இடுகாடு, பஸ் நிழற்குடை. குப்பையை அள்ளுவது ஒரு கவுன்சில், அள்ளியதைக் கொண்டுபோய் ஒழிப்பது இன்னொரு கவுன்சில் என்ற அளவுக்கு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த மேல் அடுக்கையும் நடு அடுக்கையும் ஒன்றாக மடித்துவிட்டால் அதற்கு யூனிட்டரி என்று பெயர்.

ரட்லாண்ட் பல நூற்றாண்டுகளாகத் தனிக் கவுன்ட்டி. 1889ல் கவுன்ட்டி கவுன்சில்கள் வந்தபோது இதற்கும் ஒன்று கிடைத்தது. இவ்வளவு சின்ன இடத்துக்கு எதற்குத் தனி நிர்வாகம் என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் துரத்தியது. 1960களின் தொடக்கத்தில் ஓர் ஆணையம் லெஸ்டர்ஷயரோடு சேர்த்துவிடச் சொன்னது. உள்ளூரில் பெரிய எதிர்ப்பு, 1963ல் அரசு பின்வாங்கியது. ஆனால் 1972ல் நாடு முழுவதற்கும் ஒரே வார்ப்பில் சட்டம் வந்தபோது தப்பிக்க முடியவில்லை. 1974 ஏப்ரல் 1 முதல் ரட்லாண்ட், லெஸ்டர்ஷயரின் கீழ் ஒரு டிஸ்ட்ரிக்ட்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு எண் உண்டு. அப்போது டிஸ்ட்ரிக்ட் ஆவதற்கே குறைந்தது 40,000 ஜனம் வேண்டும் என்று அளவுகோல் வைத்திருந்தார்கள். ரட்லாண்டில் சுமார் 27,000 பேர்தான். பக்கத்து மெல்ட்டனோடு கலந்துவிடுவதுதான் முதல் திட்டம். பிறகு விதிவிலக்குக் கொடுத்து, ரட்லாண்டைத் தனி டிஸ்ட்ரிக்ட்டாக விட்டுவைத்தார்கள். இது அப்போது ஆறுதல் பரிசு மாதிரிதான் இருந்திருக்கும். ஆனால் எல்லைக்கோடு அழியாமல் இருந்ததால்தான் பின்னால் மீள முடிந்தது என்று நினைக்கிறேன். கோட்டை ஒரு தடவை அழித்துவிட்டால் திரும்பப் போடுவது லேசு இல்லை. ஐந்து மைல் தள்ளி இருக்கும் யாராவது ‘எங்களை ஏன் இழுக்கிறீர்கள்’ என்று கிளம்பிவிடுவார்கள்.

1990களில் மறுசீரமைப்பு அலை வந்தது. 1997 ஏப்ரல் 1ல் லெஸ்டர் நகரமும் ரட்லாண்டும் லெஸ்டர்ஷயரிலிருந்து ஒரே நாளில் பிரிந்தன. அதைச் சட்டப்படி எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புதிதாக ஒரு கவுன்ட்டி கவுன்சிலை உருவாக்கவில்லை. ரட்லாண்ட் என்று ஒரு கவுன்ட்டியை அறிவித்தார்கள், அதற்குக் கவுன்ட்டி கவுன்சில் கிடையாது என்றார்கள், ஏற்கெனவே இருந்த டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடமே கவுன்ட்டியின் வேலைகளையும் ஒப்படைத்தார்கள். பழைய ஆப்ஜெக்ட்டை அழிக்காமல், அதிலேயே கூடுதல் மெத்தட்களைச் சேர்த்த மாதிரி.

ஆனால் போராடி மீண்டவர்களுக்கு, வாசலில் ‘டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்’ என்று பலகை தொங்கினால் பொறுக்குமா? டிஸ்ட்ரிக்ட் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், டிஸ்ட்ரிக்ட்டின் பெயரையே ‘ரட்லாண்ட் கவுன்ட்டி கவுன்சில்’ என்று மாற்றிவிட்டார்கள். அதாவது இடத்தின் பெயரே கவுன்சில்! டிஸ்ட்ரிக்ட்டின் பெயருக்குப் பின்னால் ‘டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்’ என்று சேர்ப்பது விதி. சேர்த்துப் படித்தால் முதல் பத்தியில் சொன்ன பெயர் வந்துவிடும். பலகையில் முன்பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள். சட்டத்தை மீறவும் இல்லை, மானத்தை விடவும் இல்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் குறியீட்டுப் பட்டியலில் இந்தக் குழப்பம் எதுவும் தெரியாது. யூனிட்டரிகளுக்கு ஈ06, சாதாரண டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு ஈ07, இரண்டடுக்குக் கவுன்ட்டிகளுக்கு ஈ10 என்று தொடங்கும். ரட்லாண்ட் ஈ06000017. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்தது.

மனிதர்களுக்கு முடியவில்லை. ரட்லாண்டுக்குத் தனி லார்டு லெப்டினன்ட் உண்டு, அதாவது அரசரின் பிரதிநிதி. ஆனால் தனிப் போலீஸ் கிடையாது, லெஸ்டர்ஷயர் போலீஸ்தான். தீயணைப்பும் கூட்டு ஏற்பாடு. ஓக்கத்தின் அஞ்சல் குறியீடு லெஸ்டரின் எல்இ எழுத்துகளில் தொடங்கும், கிழக்குக் கிராமங்களுக்குப் பீட்டர்பரோவின் பிஇ. 1918க்குப் பிறகு தனக்கென்று தனி எம்.பி.யும் இல்லை. பக்கத்துப் பகுதிகளோடு மாற்றி மாற்றி ஒட்டுவார்கள், 2024லிருந்து லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபர்டோடு. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் லெஸ்டர், பீட்டர்பரோ, கெட்டரிங் என்று எல்லை தாண்டித்தான் ஓட வேண்டும். ஊழியர் பட்டியலில் தனி ஆள், செய்கிற வேலையில் பாதி கூட்டுக் குடித்தனம்!

சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. 41,000 பேருக்கு என்றாலும், சட்டம் ஒரு யூனிட்டரியிடம் கேட்கும் கடமைகள் 5 லட்சம் பேருக்கான கவுன்சிலிடம் கேட்பவைதான். குழந்தைகள் நலத்துக்கு ஓர் இயக்குநர் வேண்டும், தேர்தல் நடத்த ஓர் அதிகாரி வேண்டும், கணக்குக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும். ஏறக்குறைய நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர், அதனால் பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போகும். விசேஷக் கவனிப்பு தேவைப்படும் நாலைந்து குழந்தைகள் ஒரே வருடத்தில் வந்தால் போதும், பட்ஜெட் ஆட்டம் காணும். பெரிய கவுன்சிலில் அது சராசரியில் கரைந்துவிடும், இங்கே கரையாது. ரட்லாண்டின் கவுன்சில் வரி இங்கிலாந்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பணக்காரப் பிரதேசம் என்று பெயர் இருப்பதால் மத்திய அரசின் மானியமும் குறைவு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மொத்தம் 27 கவுன்சிலர்கள். அதாவது சுமார் 1,500 பேருக்கு ஒருவர். கடைத்தெருவில் பிடித்து நிறுத்தி, பள்ளி பஸ் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். 50க்கும் மேற்பட்ட பாரிஷ்கள். அவற்றில் பல, கவுன்சில் அமைக்கக்கூட ஆள் போதாமல் கிராமக் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்பவை.

இப்போது விஷயம் மறுபடி சூடு பிடித்திருக்கிறது. 2024 டிசம்பரில் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இரண்டடுக்கு முறையை ஒழித்து எல்லா இடத்திலும் யூனிட்டரிகளை அமைக்கப்போவதாகச் சொன்னது. பொதுவாக 5 லட்சம் பேராவது இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு அளவு. ரட்லாண்ட் ஏற்கெனவே யூனிட்டரிதான், ஆனாலும் ரொம்பச் சின்னது என்பதால் லெஸ்டர்ஷயர், லெஸ்டரோடு சேர்த்து யோசனை கேட்டார்கள், 2025 நவம்பரைக் கெடுவாக வைத்து. முன்வைக்கப்பட்ட யோசனைகளில் ஒன்று, மெல்ட்டன் உள்ளிட்ட வடக்கு லெஸ்டர்ஷயர் டிஸ்ட்ரிக்ட்டுகளோடு இணைப்பது. 1972ன் அதே மெல்ட்டன்! பழைய அளவுகோலான 40,000ஐ ரட்லாண்ட் ஒருவழியாகத் தாண்டி நிற்கும் நேரத்தில், கோல் பன்னிரண்டு மடங்கு நீண்டுவிட்டது.

இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. கவுன்சில்கள் இணைந்தால் சில வருடங்களுக்குள் வரி விகிதத்தை ஒன்றாக்கியாக வேண்டும். அதிகம் கட்டிக்கொண்டிருக்கும் ரட்லாண்ட்காரர்களுக்கு அது லாபமாகவே முடியலாம். கூடவே, ஓக்கத்தின் நூலகத்தைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பதை ஓக்கத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய மாட்டார்கள். லார்டு லெப்டினன்ட் பதவியும், வரைபடத்தில் சடங்குக்கான கவுன்ட்டி என்ற அந்தஸ்தும் வேறு சட்டத்தின் கீழ் வருகின்றன. கவுன்சில் போனாலும் அவை இருக்கலாம். ஈ06000017க்கு மட்டும் பட்டியலில் ஒரு முடிவுத் தேதி விழும்.